புதுக் கண்ணாடி யாருக்குப் பழகுகிறது?

மாம்பலம் ரயில் நிலைய மேம்பாலப் படிகளை இருபது வருடமாக ஏறி இறங்குகிறேன். கையில் காய்கறிப் பை, காதில் போன், முன்னால் பத்துப் பேர், முதுகில் இடித்துக்கொண்டு இன்னும் பத்துப் பேர். இதெல்லாம் என் காலை ஒருநாளும் தடுமாற வைத்ததில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம் அதே படிகளில் கைப்பிடிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து இறங்கினேன். பின்னால் வந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், கொஞ்சம் ஓரமா போங்க" என்றார்.

காரணம் என் மூக்கின் மேல் இருந்தது. நாற்பத்தேழு வயதில் முதல்முறையாகக் கண்ணாடி. பிளஸ் பவர், அதிலும் புரோகிரசிவ். மேலே தூரப் பார்வைக்கு ஒரு பவர், கீழே போகப் போகக் கூடிக்கொண்டே போய், படிப்பதற்கு இன்னொரு பவர். உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருந்தது. எழுந்து தலையைத் திருப்பினால் போச்சு. சுவர் நீந்தியது, தரை அலையடித்தது, படிகள் கிட்டே வந்து நின்றன.

கடைப் பையன் முன்னாலேயே எச்சரித்திருந்தான். "ஒரு வாரம் விடாம போடுங்க சார், கண்ணு பழகிடும்." வீட்டுக்கு வந்தால் அம்மாவின் வைத்தியம் நேர் எதிர். "தலை சுத்துதுன்னா கழட்டி வைக்க வேண்டியதுதானே? இருக்கிற கண்ணையும் கெடுத்துக்காதடா."

இருவரில் யார் சொல்வது சரி என்று பார்க்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை. கடைப் பையன் சொன்ன வைத்தியம் சரி, காரணம்தான் தப்பு. கண்ணாடியால் கண்ணில் எதுவும் மாறுவதில்லை. பழகுவது கண்ணுக்கு ரொம்பப் பின்னால், பிடரிக்குச் சற்று மேலே இருக்கிற சிறுமூளை. அது எப்படிப் பழகுகிறது என்பதற்கு மசாவோ இட்டோ என்ற ஜப்பானிய நரம்பியலாளர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தார். அவர் கண்டது கொஞ்சம் விசித்திரமான பதில். சிறுமூளை கற்றுக்கொள்வது, தப்பாகப் போன இணைப்புகளை நலிய விடுவதன் மூலம்.

அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. இதைப் படிக்கும் போனைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்" என்று சொல்வதுபோலத் தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். எழுத்து படிக்க முடிகிறதா? முடியும். இப்போது தலையை ஆட்டாமல், அதே வேகத்தில் போனை இடமும் வலமும் ஆட்டுங்கள். எழுத்தெல்லாம் கலங்கிவிடும். இரண்டிலும் கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே நடக்கும் அசைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியிருக்க ஒன்றில் படிக்க முடிகிறது, இன்னொன்றில் முடியவில்லை.

தலை ஆடும்போது காதுக்கு வேலை வருகிறது. காதின் உட்புறத்தில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதை அவை உடனே மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. அங்கிருந்து கண் தசைக்கு ஆணை போகிறது: தலை வலப்பக்கம் பத்து டிகிரி திரும்பினால் கண்ணை இடப்பக்கம் பத்து டிகிரி திருப்பு. வழியில் இருப்பது மூன்றே நரம்பணுக்களின் சங்கிலி. அதனால் எல்லாம் முடிய ஏறக்குறைய ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. காதும் கண்ணும் சேர்ந்து செய்யும் இந்த அனிச்சைச் செயல் இல்லாவிட்டால், நடக்கும்போதெல்லாம் உலகம் குலுங்கிக்கொண்டே இருக்கும். ஓட்டை ரோட்டில் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து எடுத்த வீடியோ போலத்தான் எல்லாம் தெரியும்.

கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ள இங்கே நேரமில்லை என்பது முக்கியம். விழித்திரையில் விழுந்த காட்சி மூளைக்குப் போய், அலசப்பட்டு, அங்கிருந்து கண் தசைக்கு ஆணை வர ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் ஆகும். அதற்குள் தலை எங்கேயோ போயிருக்கும். ஆகவே இந்த அனிச்சைச் செயல் பார்க்காமலே நடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது என்பார்களே, அப்படி. பார்க்காமல் அடித்தும் சரியாக விழ வேண்டுமென்றால், பத்து டிகிரிக்குப் பத்து டிகிரி என்ற கணக்கு முன்கூட்டியே துல்லியமாகச் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும்.

நான் பிளஸ் பவர் கண்ணாடி போட்டதும் இந்தக் கணக்குதான் தப்பியது. பிளஸ் லென்ஸ் காட்சியைக் கொஞ்சம் பெரிதாக்கும். எனவே தலை பத்து டிகிரி திரும்பும்போது லென்ஸ் வழியாகத் தெரியும் உலகம் பத்து டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாக நகர்கிறது. கண்ணோ நாற்பத்தேழு வருடப் பழக்கத்தில் பத்தே டிகிரி திரும்பி நின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச அளவுக்குக் காட்சி விழித்திரையில் வழுக்குகிறது. மூளை அதைப் பார்த்து "சுவர் நகர்கிறது" என்று முடிவுகட்டுகிறது. புரோகிரசிவ் என்றால் இன்னும் தொல்லை. லென்ஸின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு பவர் என்பதால், வழுக்கும் அளவும் இடத்துக்கு இடம் வேறு.

சரி, இதைத் திருத்துவது எப்படி? வழுக்கல் பற்றிய செய்தி மூளைக்குத் தாமதமாகத்தான் வருகிறது. இந்த முறை தலை திரும்பியதற்கு அது உதவாது. ஆனால் அடுத்த முறைக்கு உதவும். வடசென்னைத் தெருமுனையில் கேரம் ஆடுபவரைப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போனபின் அதைத் திருத்த முடியாது. காய் பாக்கெட்டின் எந்த ஓரத்தில் பட்டுத் திரும்பியது என்று பார்த்து வைத்துக்கொள்கிறார், அடுத்த அடியில் விரல் ஒரு மயிரிழை மாறுகிறது. போர்டில் பவுடர் அதிகம் போட்டிருந்தால் நாலைந்து அடியில் கை அதற்கும் பழகிவிடும். கேட்டால், "கை தானா வருது" என்பார். தானாக வரும் கைக்குப் பின்னாலும் இருப்பது அதே சிறுமூளைதான்.

அந்தச் சிறுமூளையை ஒருமுறை கிட்டே போய்ப் பார்த்துவிடலாம். எடை சுமார் 150 கிராம், மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹூசெலின் குழு 2009இல் மனித மூளையின் நரம்பணுக்களை எண்ணியபோது மொத்தம் சுமார் 8,600 கோடி வந்தது. அதில் சிறுமூளையில் மட்டும் சுமார் 6,900 கோடி. நாம் பெருமையாகப் பேசும் பெருமூளையின் மேலடுக்கான புறணியில் சுமார் 1,600 கோடிதான். எண்ணிய விதமும் சுவாரசியமானது. மூளையைக் கரைத்துச் சூப் மாதிரி ஆக்கி, அதைக் கலக்கி, கொஞ்சம் எடுத்து, அதில் மிதக்கும் செல் உட்கருக்களை எண்ணிக் கணக்குப் போட்டார்கள். சாப்பிடும் நேரத்தில் இதைச் சொன்னதற்காக வீட்டில் திட்டு வாங்கினேன்.

இந்த 6,900 கோடியில் பெரும்பாலானவை சிறுமணி செல்கள் என்ற பொடிப்பொடியான நரம்பணுக்கள். காதிலிருந்தும் தசைகளிலிருந்தும் கண்ணிலிருந்தும் வரும் செய்திகளை வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய நாரை மேலே அனுப்புகிறது. மேலே போனதும் அந்த நார் இரண்டாகப் பிரிந்து, பக்கவாட்டில் நெடுகப் போகிறது. எல்லா நார்களும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால் பெயரும் இணை நார்கள்.

அந்த நார்கள் போகும் வழியில் வரிசையாக நிற்பவைதான் பர்கின்ஜி செல்கள். 1837இல் இவற்றை விவரித்தவர் பர்கின்ஜி என்ற செக் நாட்டு அறிஞர். பதினொன்றாம் வகுப்பில் இதயத்தைப் பற்றிப் படித்தபோது பர்கின்ஜி நார்கள் என்று வந்ததே, அதுவும் இவர் பெயரில்தான். பர்கின்ஜி செல்லைப் பார்த்தால் எனக்குப் பனையோலை விசிறிதான் ஞாபகம் வரும். காம்பு போலக் கீழே உடல். அதற்கு மேல் கிளைகள் ஏராளமாகப் பிரிந்தாலும் எல்லாம் ஒரே தட்டையான தளத்தில் விரிகின்றன. இப்படி விசிறிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, அவற்றின் ஓலைகளை ஊடுருவி லட்சக்கணக்கான நூல்களைக் குறுக்கே இழுத்தால் எப்படியோ, அப்படித்தான் இணை நார்கள் போகின்றன. எலியின் மூளையில் எண்ணிப் பார்த்ததில், ஒரே ஒரு பர்கின்ஜி செல்லில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணை நார்கள் வந்து தொடுகின்றன.

இவை போக இன்னொரு வகை நாரும் வருகிறது. மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஆலிவ் காய் வடிவில் ஒரு புடைப்பு உண்டு. அதிலிருந்து வரும் நார், வெற்றிலைக் கொடி அகத்திமரத்தைச் சுற்றுவதுபோல பர்கின்ஜி செல்லின் கிளைகளைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. இதற்கு ஏறு நார் என்று பெயர். ஒரு பர்கின்ஜி செல்லுக்கு ஒரே ஒரு ஏறு நார். ஒரு பக்கம் ஒன்றரை லட்சம் பேர், மறுபக்கம் ஒரே ஆள். ஆனால் அந்த ஒரே ஆள் நூற்றுக்கணக்கான இடங்களில் பிடித்துக்கொண்டிருக்கிறார், பேசினால் செல் முழுக்க அதிரும். இணை நார்கள் ஓயாமல் சளசளத்துக்கொண்டிருக்க, ஏறு நார் நொடிக்கு ஒருமுறை அளவில்தான் வாயைத் திறக்கும். இவ்வளவு குறைவாகப் பேசுகிறவர் என்னதான் சொல்ல வருகிறார் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களைக் குடைந்த கேள்வி.

இந்த இடத்தில் சினாப்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு நரம்பணு இன்னொன்றைத் தொடும் இடம் சினாப்ஸ். தொடும் என்று சொன்னாலும் நடுவே மயிரிழையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறுகிய இடைவெளி உண்டு. இந்தப் பக்கத்து நரம்பணு ஒரு வேதிப்பொருளைக் கொட்டும், அந்தப் பக்கத்தில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு கொட்டுகிறது, பிடிக்க எத்தனை ஏற்பிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அந்த இணைப்பு வலுவானதா, நலிந்ததா என்று அமைகிறது. அனுபவத்துக்கு ஏற்ப இந்த வலு மாறும். ஈரக் களிமண் விரல் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நிற்பதுபோல, மாறியது மாறியபடி கொஞ்ச காலம் நிற்கும். இதைத்தான் சினாப்ஸின் நெகிழ்வு என்கிறார்கள்.

1949இல் கனடாவின் டொனால்ட் ஹெப், சேர்ந்து வேலை செய்யும் நரம்பணுக்களுக்கு நடுவே இணைப்பு வலுப்படும் என்று ஒரு கருத்தைச் சொன்னார். 1973இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ என்ற இருவர், ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் அப்படி வலுப்படுவதையும், அது மணிக்கணக்கில் நிலைப்பதையும் முயல்களில் காட்டினார்கள். கற்பது என்றால் இணைப்பு வலுப்படுவது என்று எல்லோர் மனதிலும் பதிந்தது அப்படித்தான். நாமும் அப்படித்தானே நினைக்கிறோம்? படிக்கப் படிக்க ஏறும், தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும் என்று.

இட்டோ 1928இல் நகோயாவில் பிறந்தவர். டோக்கியோவில் மருத்துவம் படித்துவிட்டு, 1959 முதல் மூன்று வருடம் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஜான் எக்கிள்ஸிடம் வேலை பார்த்தார். சினாப்ஸ் ஆராய்ச்சிக்காக 1963இல் நோபல் பரிசு பெற்றாரே, அதே எக்கிள்ஸ். ஊர் திரும்பிய இட்டோ முதலில் கண்டுபிடித்தது ஒரு ஆச்சரியம். பர்கின்ஜி செல் அடுத்த செல்லைத் தூண்டுவதில்லை, அடக்குகிறது. இணை நார்கள், ஏறு நார், 6,900 கோடி செல்கள் என்று இத்தனை ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, சிறுமூளைப் புறணி வெளியே அனுப்புவது "சும்மா இரு" என்ற ஒரே வகைச் செய்தி. அதாவது அது ஒரு பிரேக். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவது புரியும்.

1969இல் டேவிட் மார் என்ற இருபத்து நான்கு வயது ஆங்கிலேயர், ஒரு விலங்கையும் தொடாமல், காகிதத்தில் கணக்குப் போட்டே ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். ஏறு நார்தான் வாத்தியார் என்றார். இணை நார்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏறு நாரும் பேசினால், அந்த இணை நார்களின் சினாப்ஸ்கள் மாறும். எந்தப் பக்கம் மாறும்? வலுப்படும் என்றார் மார். இரண்டு வருடம் கழித்து ஜேம்ஸ் ஆல்பஸ், நாசாவில் வேலை பார்த்த பொறியாளர், கிட்டத்தட்ட அதே கோட்பாட்டைத் தனியாக எழுதினார். ஆனால் நலியும் என்றார். அவருடைய நியாயம் பொறியாளரின் நியாயம். ஏறு நார் கத்துகிறது என்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. தப்பு நடந்த நேரத்தில் யார் யார் பேசிக்கொண்டிருந்தார்களோ அவர்கள் குரலைக் குறை. பிறகு அவர் இதே யோசனையை ரோபோக் கைகளை இயக்கவும் பயன்படுத்தினார்.

இருவரில் யார் சரி என்பதைச் சோதனையில் பார்க்க இட்டோவுக்குப் பத்து வருடத்துக்கும் மேலானது. அவர் எடுத்துக்கொண்ட இடம், நம் கண்ணாடிக் கதைக்கு நேரடியாகச் சொந்தமான இடம். சிறுமூளையின் ஓரத்தில் ஃப்ளாக்குலஸ் என்று ஒரு சின்னக் கொத்து உண்டு. காதிலிருந்து வரும் தலை அசைவுச் செய்தி இணை நார்கள் வழியாக அங்கே வருகிறது. விழித்திரையில் காட்சி வழுக்கும் செய்தி ஏறு நார் வழியாக வருகிறது. அங்குள்ள பர்கின்ஜி செல்கள், நாம் மேலே பார்த்த மூன்று செல் சங்கிலியின் நடுச்செல்லின் மேல் பிரேக் போடுகின்றன. கற்றலைப் பிடிக்க இதைவிடக் கச்சிதமான இடம் கிடைக்காது. 1982இல் இட்டோவின் குழு முயல்களில் இரண்டு வழிகளையும் சேர்த்துத் தூண்டியது. ஒன்றை மட்டும் தூண்டியபோது குறிப்பிடும்படி மாறாத சினாப்ஸ், இரண்டையும் சேர்த்துத் தூண்டியபோது நலிந்தது. நலிந்தது நலிந்தபடியே நெடுநேரம் நின்றது. நீடித்த நலிவு, எல்.டி.டி. என்று ஆய்வுக்கூடங்களில் சொல்வது இதைத்தான்.

ஆல்பஸ் சொன்ன பக்கம்தான் மாறியிருந்தது. பாதி சரியாகவும் பாதி தலைகீழாகவும் சொன்ன மார் இதைப் பார்க்க உயிரோடில்லை. ரத்தப் புற்றுநோயால் 1980இல் முப்பத்தைந்து வயதில் இறந்துபோயிருந்தார்.

சினாப்ஸில் நடப்பதையும் பிற்பாடு பிரித்துப் பார்த்துவிட்டார்கள். ஏறு நார் பேசியதும் பர்கின்ஜி செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய்கிறது. அதே சமயத்தில் ஒரு இணை நாரும் வேதிப்பொருளைக் கொட்டியிருந்தால், அந்த ஒரு சினாப்ஸில் மட்டும் உள்வேலைகள் தொடங்குகின்றன. முடிவில், செல்லின் மேற்பரப்பில் இருந்த ஏற்பிகளில் சில உள்ளே இழுக்கப்படுகின்றன. பிடிக்கும் கைகள் குறைந்துவிட்டதால், அடுத்த முறை அந்த நார் அதே குரலில் பேசினாலும் உள்ளே கேட்பது மெதுவாகத்தான். பேசாமல் இருந்த பக்கத்து நார்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்தப் பாகுபாடுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. வகுப்பில் சத்தம் போட்ட நாலு பேருக்காக அறுபது பேரையும் பெஞ்சு மேல் ஏற்றிய வாத்தியாரிடம் படித்தவன் நான்.

இப்போது என் கண்ணாடிக்கு வருவோம். தலையைத் திருப்புகிறேன். "தலை திரும்புகிறது" என்று இணை நார்கள் பேசுகின்றன. கண் போதுமான அளவு திரும்பாததால் காட்சி வழுக்குகிறது, ஏறு நார் குறுக்கிடுகிறது. அந்த நேரத்தில் பேசிய இணை நார்களின் சினாப்ஸ்கள் கொஞ்சம் நலிகின்றன. அடுத்த முறை தலை திரும்பும்போது அவை பர்கின்ஜி செல்லைத் தூண்டுவது குறைகிறது. பர்கின்ஜி செல் பிரேக் அல்லவா? தூண்டுதல் குறைந்தால் பிரேக் தளர்கிறது, கண் முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திரும்புகிறது. பத்து டிகிரி என்றிருந்தது பத்தேகால் ஆகிறது. இன்னும் வழுக்கினால் இன்னும் நலிவு. வழுக்கல் தீர்ந்ததும் ஏறு நார் குறுக்கிடுவதை நிறுத்திவிடும், சினாப்ஸ் அங்கேயே நிற்கும். மைனஸ் பவர்க்காரர்களுக்குக் கணக்கு தலைகீழ். கண் குறைவாகத் திரும்பினால் போதும் என்பதால் பிரேக் இறுக வேண்டும். அதற்குச் சினாப்ஸ் திரும்ப வலுப்படும் வழியும் உண்டு. கூட்டுவதும் குறைப்பதும் ஒரே வேலையின் இரு பக்கமல்ல, வெவ்வேறு பொறிமுறைகள் என்றுதான் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

கடைப் பையனின் "விடாம போடுங்க"வுக்கு அர்த்தமும் இதில் இருக்கிறது. தப்பு நடந்தால்தான் ஏறு நார் பேசும், அது பேசினால்தான் சினாப்ஸ் மாறும். கண்ணாடியைக் கழற்றி வைத்தால் தப்பும் இல்லை, பாடமும் இல்லை. போட்டுக்கொண்டு சோபாவில் தலையை ஆட்டாமல் டிவி பார்த்தாலும் இதே கதைதான். நடக்க வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், உலகம் நீந்துவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உள்காதில் பாதிப்பு வந்தவர்களுக்குப் பிசியோதெரபியில் கொடுக்கும் பயிற்சியும் இதுதான்: கட்டைவிரலையோ சுவரில் ஒட்டிய ஒரு எழுத்தையோ பார்த்தபடி தலையை ஆட்டச் சொல்வார்கள். ஒன்று மட்டும். இரண்டு வாரமாகியும் தரை அலையடித்தால் சிறுமூளையைக் குறை சொல்லாதீர்கள். லென்ஸின் மையம் உங்கள் கருவிழிக்கு நேராக வெட்டப்படாமல் இருக்கலாம். கடைக்குப் போய் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போதும் சுற்றினால், வாந்தி வந்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

இந்தப் பழகல் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1970களில் மாண்ட்ரியலில் பார்த்தார்கள். கான்ஷர், மெல்வில் ஜோன்ஸ் என்ற இருவர், இடத்தையும் வலத்தையும் மாற்றிக் காட்டும் பட்டகங்களை ஆட்களுக்கு வாரக்கணக்கில் மாட்டிவிட்டார்கள். தலை வலப்பக்கம் திரும்பினால் கண்ணும் வலப்பக்கமே போக வேண்டிய நிலை. நாளடைவில் அனிச்சைச் செயல் நிஜமாகவே திசை திரும்பியது. அதே காலத்தில் டேவிட் ராபின்சன் பூனைகளில் சிறுமூளையில் ஃப்ளாக்குலஸ் இருக்கும் பகுதியை எடுத்துவிட்டுப் பார்த்தார். தலை திரும்பினால் கண் திரும்புவது நிற்கவில்லை. ஆனால் புதிய பட்டகத்துக்குப் பழகும் திறன் போய்விட்டது. அதாவது வீணை வாசிப்பது வேறு யாரோ, சிறுமூளை சுருதி சேர்ப்பவர்.

சுருதி சேர்ப்பவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதல் உலகப் போர் காட்டியது. தலையின் பின்பக்கம் குண்டடி பட்ட சிப்பாய்களை லண்டனைச் சேர்ந்த கார்டன் ஹோம்ஸ் கவனித்தார். அவர்களுக்குப் பக்கவாதம் இல்லை, கையில் வலு இருந்தது. ஆனால் ஒரு பொருளை எடுக்கப் போனால் கை தாண்டிப் போகும், அல்லது எட்டாமல் நிற்கும். ஒரு நோயாளி சொன்னதை அவர் பதிந்து வைத்திருக்கிறார்: இடக்கை தானாக வேலை செய்கிறது, வலக்கையின் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று. மேம்பாலப் படியில் எனக்கு நடந்ததும் அதன் சிறு துளிதான். நரம்பியல் ஓ.பி.யில் டாக்டர் தன் விரலை நீட்டி, "உங்க மூக்கைத் தொட்டுட்டு என் விரலைத் தொடுங்க" என்று சொல்வதும், குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்வதும் இந்தத் துல்லியத்தைப் பார்க்கத்தான். மது உள்ளே போனால் சீக்கிரம் தள்ளாடும் இடங்களில் ஒன்று சிறுமூளை. டாஸ்மாக் வாசலில் இதே நடைச் சோதனையைத் தினமும் இலவசமாகப் பார்க்கலாம்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். இட்டோவுக்கு ஆரம்பத்திலிருந்தே எதிர்க்கட்சி இருந்தது. ஃபிரெட் மைல்ஸ், ஸ்டீபன் லிஸ்பெர்கர் என்ற இருவர் 1981இலேயே, கற்ற பாடம் சிறுமூளைப் புறணியில் இல்லை, கீழே மூளைத்தண்டில்தான் தங்குகிறது, புறணி சொல்லிக்கொடுப்பதோடு சரி என்று வாதிட்டார்கள். பெரிய அடி 2011இல் விழுந்தது. நெதர்லாந்தில் கிறிஸ் டி சீவின் குழுவினர், மரபணு மாற்றத்தால் இந்த நீடித்த நலிவு நடக்காத எலிகளை எடுத்துப் பழக்கினார்கள். எலிகள் மற்ற எலிகளைப் போலவே கற்றுக்கொண்டன. எண்பது வயதைத் தாண்டிய இட்டோ சும்மா இருக்கவில்லை, ஓர் வழி அடைபட்டால் மூளை வேறு வழி கண்டுபிடிக்கும் என்று பதில் எழுதினார். 2018 டிசம்பரில் தொண்ணூறு வயதில் இறக்கும்வரை தன் கட்சியை அவர் விடவில்லை.

இப்போது பலர் ஏற்கும் படம் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. மாற்றம் ஒரே சினாப்ஸில் மட்டும் நடப்பதில்லை. சிறுமணி செல்களின் மட்டத்திலும், பர்கின்ஜியிலும், கீழே மூளைத்தண்டிலும் பல இடங்களில், பல வகைகளில் நடக்கிறது. பாடம் முதலில் புறணியில் எழுதப்பட்டு, நாள் போகப் போகக் கீழே இறங்குகிறது என்பதற்கும் விலங்குச் சோதனைகளில் ஆதாரம் உண்டு. முதலில் சிலேட்டு, பிறகு நோட்டு. என்னைக் கேட்டால், நீடித்த நலிவு முழு விடை இல்லை என்று ஆன பிறகும் இட்டோவின் பெயர் நிற்பதற்குக் காரணம் வேறு. கற்றல் என்ற பூதாகாரமான சொல்லை, விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு சினாப்ஸுக்கு அவர் இழுத்துக் கொண்டுவந்தார். தப்பு என்று நிரூபிக்க மற்றவர்களுக்கு ஓர் இடம் கிடைத்ததே அதனால்தான்.

நம் ஊரிலும் மூளையைச் செல் செல்லாகப் பார்க்கும் வேலை நடக்கிறது. கிண்டிப் பக்கம் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் இருக்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மனித மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுத்து, 2024 டிசம்பரில் தரணி என்ற பெயரில் முப்பரிமாண வரைபடமாக வெளியிட்டது. 5,132 சீவல்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிறக்கும்போது சிறுமூளை முழுதாகத் தயாராகி இருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சிறுமணி செல்கள் பிறந்த பிறகும் மாதக்கணக்கில் உருவாகிக்கொண்டே இருக்கும். குழந்தை தலை நிற்காமல், தவழ்ந்து, தொபுக்கென்று விழுந்து எழும் அதே மாதங்கள்.

எனக்கு நான்காம் நாள் சுவர் நின்றது. ஆறாம் நாள் மாம்பலம் படிகளில் இறங்கும்போது போன் வந்தது, எடுத்துப் பேசிக்கொண்டே இறங்கினேன். கீழே வந்த பிறகுதான் கம்பியைப் பிடிக்கவில்லை என்பதே உறைத்தது. அன்றைக்குப் படி ஓரத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாவின் விரல்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கண் சாலையில், பேச்சு பக்கத்துக் கடைக்காரியோடு, விரல் மட்டும் நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் குளிக்கப் போகும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை எடுக்கத் தலையைத் திருப்பினேன். குளியலறைக் கதவு சட்டென்று எதிர்த் திசையில் நீந்தியது. கண்ணாடி இல்லாத உலகத்துக்குப் பத்து டிகிரி போதும், என் கண்ணோ இப்போது பத்தேகாலுக்குப் பழகியிருந்தது. என் பர்கின்ஜி செல்கள் நிஜமாகவே மாறிவிட்டன என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம். சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டு, "கண்ணாடியைக் கழட்டினாலும் தலை சுத்துதும்மா!" என்றேன்.

"அதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.